சுத்தமான கார்டு

முப்பத்து நாலு வயதில், வீட்டில் மாமனார், புருஷன், பள்ளிக்கூடம் போகிற பையன் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஜெபகனி அக்கா மெட்ராஸுக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது எங்கள் ஆஸ்பத்திரியில் சிரிக்காதவர்கள் குறைவு. நானும்தான் சிரித்தேன். ஃபைல் அடுக்குவதற்கு எதற்கு அக்கா மேற்படிப்பு என்று கேட்டேன்.

"ஏலே மணி, மாத்திரை எண்ணுததுக்கு நீ காலேஜுக்குப் போனியே, அது எதுக்கு?" என்றாள்.

நான் அற்புதமணி. தூத்துக்குடிக் கடற்கரை ஓரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுப்பவன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அக்காவின் பதிவு ஜன்னல். நடுவே கூடம், பெஞ்சுகள், இருமல், அழுகிற குழந்தைகள். காலையில் வருகிறவர்கள் முதலில் அவளிடம் பேர் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும், கடைசியில் என்னிடம் பாட்டிலை நீட்ட வேண்டும். ஆகையால் அங்கே நடந்த எதையும் நான் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை. பல நாள் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியிருக்கிறது.

எழுபத்து நாலாம் வருடம் அந்தப் படிப்பைப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். மருத்துவப் பதிவியல் என்று பேர். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பட்டதாரிகளுக்கு மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸில் ஒரு வாரம் வகுப்பு, மற்ற நாளெல்லாம் அவரவர் ஆஸ்பத்திரியில் வேலையோடு வேலையாகப் பாடம். கடைசியில் தன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு புது முறையை உண்டாக்கி, ஓட்டிக் காட்டி, அதை ஆய்வாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பட்டம். பட்டம் வந்தால் அக்கா கிளார்க் இல்லை, பதிவு அதிகாரி. டாக்டர்கள் கூட்டத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி.

நாற்காலிக்கு ஆசைப்பட்டு அவள் போகவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பெண் இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். முதல் பிரசவம் எங்களிடமே ஆபரேஷன். அதில் என்ன சிக்கல் என்று எழுதின தாள் எங்கள் கிடங்கில்தான் எங்கோ கிடந்தது, எடுக்க முடியவில்லை. அந்தப் பெண் போய்விட்டாள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு தாள் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்ற நிலை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை தெரிஞ்சது, பிறகு தெரியாமப் போகக்கூடாது மணி" என்றாள். அவள் படித்த படிப்பு மொத்தமும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

முதல் வகுப்பு முடிந்து வந்தவள் கம்ப்யூட்டர் பார்த்த கதை சொன்னாள். "ஒரு பெரிய ரூமு நெறைய மிஷினு. நமக்கு ஃபேனே ஒழுங்கா ஓடல, அதுக்கு ஏசி போட்டு வச்சிருக்காவ. ஒரு ஆளோட சீக்கு விவரம் பூராத்தையும் ஒரு அட்டைல ஓட்டையாப் போட்டு உள்ள தள்ளுதாவ." அந்த மிஷின் நமக்கு வரப்போவதில்லை. ஆனால் அட்டைக்கும் ஓட்டைக்கும் மிஷின் வேண்டியதில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

டவுன் அச்சகத்தில் கெட்டி அட்டை வெட்டி வாங்கினாள். புருஷன் ஜெயசிங் சாகுபுரம் ஃபாக்டரியில் வேலை, அங்கே ஒர்க்‌ஷாப்பில் சொல்லி ஓட்டை போடும் கருவி ஒன்று செய்து கொண்டுவந்தார். அட்டையின் நாலு ஓரமும் வரிசையாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சங்கதி. காசநோய் என்றால் இந்த ஓட்டை, ஆபரேஷன் ஆனவர் என்றால் அந்த ஓட்டை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் வலது மேல் மூலை. யாருக்கு அந்தச் சங்கதி உண்டோ அவர் அட்டையில் அந்த ஓட்டையை ஓரம் வரை வெட்டி விடுவாள். பிறகு ஒரு கட்டு அட்டை முழுவதையும் சேர்த்துப் பிடித்து, அந்த ஓட்டை வழியே ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியைச் செருகித் தூக்கினால், வெட்டினது மட்டும் கீழே விழும். எங்கள் டாக்டர்கள் வித்தை பார்ப்பதுபோல் சுற்றி நின்று பார்த்தார்கள். பென்சிலின் அட்டைகளுக்கு மூலையில் சிவப்பு மையும் அடித்தாள், கண்ணுக்கு உடனே படும்படி.

நம்பர் கொடுத்தால் சுலபம்தான். கொடுத்துப் பார்த்தாள். கூரையில் செருகி வைத்தது மழையில் போச்சு, மடியில் முடிந்தது உப்புத் தண்ணியில் கரைந்து போச்சு என்று எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். அதனால் அட்டைகளைப் பேர் வரிசையில் அடுக்கினாள்.

அங்கேதான் ஒரு தொல்லை. பேரோடு அப்பா பேர் அல்லது புருஷன் பேர் எழுத வேண்டும். நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வார்களா? "அவுக பேரா…" என்று இழுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவள் முகத்தைப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கையை நீட்டி வானத்தைக் காட்டுவார்கள், சூரியனா சந்திரனா என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை வாசல் தாண்டிப் போய்விடும். அக்கா யோசித்து ஒரு முடிவு செய்தாள். அப்பா பேரும் வேண்டாம், புருஷன் பேரும் வேண்டாம். நோயாளியின் பேர், வயது, தெரு, இது போதும்.

"தன் பேரைச் சொல்லுததுக்கு யாருக்கு வெக்கம்? பெத்த பிள்ள பேரைச் சொல்லுததுக்கு யாருக்கு வெக்கம்?" என்று என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். சரிதான் என்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் பையன் கூடத்தில் பெஞ்சு மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். "துரை, அங்கன ஏறாத" என்று திரும்பி அதட்டினாள்.

ஒரு காலை மரியசெல்வி என்ற பெண் ஐந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொண்டையில் சீழ், நெருப்பாய்க் காய்ச்சல். பெரிய கோயில் பின்தெரு. புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். பையன் பேர் ராசா என்று சொன்னாள், ராசா என்று புது அட்டை எழுதினார்கள். பென்சிலின் போடுமுன் நர்ஸ் ஹில்டா வழக்கப்படி கையில் ஒரு பொட்டு டெஸ்ட் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பையனுக்குக் கை தடித்து, கண் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பொட்டுக்கே அப்படி. மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

அக்கா அட்டையின் மூலையை வெட்டி, சிவப்பு மை அடித்து, மரியசெல்வியிடம் காட்டினாள். "இந்தா பாரு. இவனுக்கு இந்த ஊசி ஆகாதுன்னு இதுல இருக்கு. இனி எப்ப வந்தாலும் நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கார்டு சொல்லும்."

மரியசெல்வி அந்த அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கே அன்று அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் வருடம் ஆய்வு எழுத வேண்டிய நேரம். புது முறையால் ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம் என்று மெட்ராஸ் பேராசிரியர் கேட்டார். ஞாபகம் தவறவில்லை, ஆள் சாகவில்லை என்பதையெல்லாம் கணக்கில் காட்ட முடியுமா? நேரம் மிச்சம் என்றால் காட்டலாம். பென்சிலின் டெஸ்டுக்கு ஒவ்வொருவரும் அரைமணி நேரம் உட்கார வேண்டும், கூடம் அடைந்துபோகும். முன்னால் இந்த ஊசி போட்டு ஒன்றும் ஆகாதவர் என்று கார்டு சொன்னால் மறுபடி டெஸ்ட் எதற்கு? அக்கா அப்படி எழுதி, எங்கள் பெரிய டாக்டர் ஞானதீபத்திடம் கொடுத்தாள். அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி. மறுநாளே உத்தரவு போட்டுவிட்டார்: புதுக் கார்டுக்கு டெஸ்ட், பழைய கார்டு சுத்தமாக இருந்தால் நேரே ஊசி.

கூடம் காலியானது, உண்மை. ஹில்டா தாய்மார்களைப் போட்டு அரிப்பதையும் விட்டுவிட்டாள். "முன்ன ஊசி போட்டு ஒடம்பு தடிச்சிச்சா, மூச்சு முட்டிச்சா, நல்லா யோசிச்சுச் சொல்லுளா" என்று ஒவ்வொருத்தியையும் அவள் கேட்கிற கேள்வியை நாங்கள் கேலி செய்வோம். அந்தக் குரல் நின்று போனதை யாரும் கவனிக்கவில்லை. அக்காவும் முன்பெல்லாம் வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். இப்போது அட்டையைப் பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை, நல்ல கூட்டம். மரியசெல்வி மறுபடி வந்தாள். பையன் காலில் சிப்பி வெட்டி, கணுக்கால் வரை வீங்கியிருந்தது. மொட்டைத் தலை.

"பிள்ளை பேரு?"

"அந்தோணி."

"வயசு?"

"ஆறு."

"தெரு?"

"பெரிய கோயில் பின்தெரு."

அக்கா அந்தோணி அட்டைகளை எடுத்தாள். இந்தக் கரையில் அந்தோணிக்கா பஞ்சம்? ஆறு வயது, பெரிய கோயில் பின்தெரு என்று ஒன்று இருந்தது. முன்னால் பென்சிலின் போட்டதாகவும் இருந்தது. மூலை சுத்தமாக இருந்தது. சீட்டோடு அட்டையை உள்ளே அனுப்பினாள். மரியசெல்வி அட்டை போவதைப் பார்த்தாள். நிம்மதியாகப் பின்னாலேயே போனாள்.

என் கையிலிருந்துதான் மருந்துக் குப்பி போனது. நேரே ஊசி. பையன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஹில்டா ஓடி வந்ததும், டாக்டர் ஓடினதும், அட்ரினலின் கேட்டு என் ஜன்னலைத் தட்டினதும் எல்லாம் நடந்தது. மாற்று மருந்து உள்ளே போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் பையனின் தாத்தா வந்தார். அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர், ஆழத்தில் காது போனவர். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கத்தான் பேசுவார். கூடத்தில் ஆள் இல்லை. மரியசெல்வி அவருக்குப் பின்னால், முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அடக்கத்துக்குக் கோயிலில் இறப்புச் சீட்டு கேட்பார்கள். அக்கா பேனாவை எடுத்தாள்.

"அந்தோணி… அப்பா பேரு சொல்லுங்க ஐயா."

பெரியவர் குனிந்து அவள் எழுதுவதைப் பார்த்தார். "அந்தோணியா? அந்தோணி இல்ல தாயி. பர்னபாஸ் ரோச். எம் பேருதான் பேரனுக்கு."

அக்கா நிமிர்ந்து சத்தமாகக் கேட்டாள். "அம்மா அந்தோணின்னுதான சொன்னாவ?"

"அது நேர்ச்சப் பேரு. போன வருசம் சாகக் கெடந்தாம்லா, இங்கனதான் ஊசி ஒத்துக்காம. உவரி அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டோம், போன மாசந்தான் மொட்ட போட்டோம். நேந்ததுலேருந்து அந்தோணிம்பா. அதுக்கு முன்ன ராசாம்பா. மாமனாரு பேர அவ எப்பிடிச் சொல்லுவா?"

அக்கா எழுந்து அலமாரிக்குப் போனாள். ஊசியை எடுத்தாள். கட்டுக் கட்டாக அட்டையை எடுத்து, வலது மேல் மூலை ஓட்டையில் ஊசியைச் செருகித் தூக்கித் தூக்கி உதறினாள். சிவப்பு மூலைகள் மேஜையில் விழுந்தன. ராசா, பெரிய கோயில் பின்தெரு. அது அங்கேதான் இருந்தது, வைத்த இடத்தில், அடித்த மை கலையாமல்.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

மரியசெல்வி முக்காட்டை வாயிலிருந்து எடுத்தாள். "நீங்கதான அக்கா சொன்னிய, கார்டு சொல்லும்னு. எடுத்துக் கொடுத்தியளே. அதுல இருக்கும்னுல்லா நெனச்சேன்."

பெரியவருக்கு இது காதில் விழவில்லை. சீட்டில் பேரைச் சரியாக எழுதியாகிவிட்டதா என்று மருமகளைப் பார்த்தார். "ஏளா, நீயே ஒரு தடவ சொல்லு. ஒம் பிள்ள பேருன்னு நெனச்சுச் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

ஆஸ்பத்திரி விசாரித்தது. தாய் தவறான பேர் கொடுத்தாள் என்று முடிவு செய்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை.

அக்கா ஆய்வில் கடைசியாக ஓர் அத்தியாயம் சேர்த்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். கார்டில் இல்லை என்பதற்கும் உடம்பில் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்றும், கேட்பதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்றும் எழுதினாள். மெட்ராஸ் பேராசிரியர் படித்துவிட்டு, ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, இது ஆய்வுக்குள் வராது என்றார். டாக்டர் ஞானதீபம் வேறு மாதிரி சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சத்தம் போட்டதும் இல்லை. "ஜெபகனி, இது அச்சுல வந்தா நாளைக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு யாரும்மா பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க? அதை எடுத்துடு. டெஸ்டை எல்லாருக்கும் திரும்பக் கொண்டுவாறேன். உனக்கு அதுதான வேணும்?"

அதுதான் அவளுக்கு வேண்டும். அத்தியாயத்தை எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். ஊரில் எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

டெஸ்ட் திரும்ப வந்தது. மழைக்காலக் காய்ச்சல் வரும் வரை இருந்தது. கூட்டம் கூடத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும், சுத்தமான பழைய கார்டுக்கு வேண்டாம் என்று வாய்வார்த்தையாக ஆரம்பித்து, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. டாக்டர்களின் ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா எழுந்து டெஸ்ட் வேண்டும் என்று சொன்னாள். நாற்காலிதான் கொடுத்திருந்தார்களே. பட்டமும் வந்திருந்தது, முதல் வகுப்பில். இங்கிருந்து பெரிய டாக்டர் எழுதிய பாராட்டையும், நேரம் மிச்சமான கணக்கையும் அங்கே மெச்சினார்களாம். வடக்கே இரண்டு ஆஸ்பத்திரிகள் எங்கள் அட்டையைக் கேட்டு வாங்கிப் போயின.

அட்டையில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: ஞானஸ்நானப் பேர் அல்லது சான்றிதழில் உள்ள பேர். ஜன்னலில் இருப்பவர் கட்டாயம் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அவளால் ஆனது.

அடுத்த வருடம் ஒரு நாள் பத்து மணி இருக்கும். அக்காவின் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் தகரம் வெட்டி முழங்கை கிழிந்துவிட்டது. தாத்தா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வெள்ளைச் சட்டையும் குடையுமாகப் பேரனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். அக்கா அதிகாரி அறையிலிருந்து ஓடி வந்தாள். அவசரத்திலும் முறையை விடக்கூடாது என்று வரிசையில் தானே நின்றாள். ஜன்னலில் ஜேசுபாதம் என்று விளாத்திகுளத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்கா பையனின் பேர் அவனுக்குத் தெரியாது.

"பிள்ளை பேரு சொல்லுங்கம்மா."

"துரை" என்று வந்துவிட்டது அக்காவின் வாயில்.

"அது கூப்பிடுத பேருல்லா? சான்றிதழ்ல உள்ள பேரு சொல்லணும். நீங்கதான கேக்கச் சொன்னிய?"

அக்கா மாமனாரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சுவரில் இருந்த வேத வசனத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்த குடும்பம், நாசரேத்துக் குடும்பம். அவர் ஒரு நாளும் தன் பேரைச் சொல்லாதே என்று சொன்னவர் இல்லை. அவள் வாயைத் திறந்தாள். நான் இந்தப் பக்கத்து ஜன்னலில் நின்று, சொல்லு அக்கா, இந்த ஒரு தடவை சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் உதடு அசைந்தது.

பிறகு ஜன்னலுக்குள் கையை விட்டு, ஜேசுபாதத்தின் பென்சிலை வாங்கி, அட்டையில் தானே எழுதினாள்: தேவபிரசாதம். அழகான கையெழுத்து. அட்டையைத் தள்ளிவிட்டு, பையனை அணைத்தபடி ஓரமாக நகர்ந்தாள்.

அடுத்து நின்றது கடற்கரைப் பெண், இடுப்பில் குழந்தை, கூடவே ஒரு கிழவர்.

"பேரு?"

"செல்லக்கண்ணு."

"ஞானஸ்நானப் பேரு?"

அந்தப் பெண் கிழவரைப் பார்த்தாள். பிறகு, முன்னால் போன அம்மா எழுதிய பென்சிலைப் பார்த்தாள். "எனக்கு எழுதத் தெரியாதே" என்று சிரித்தாள். "செல்லக்கண்ணுன்னே போட்டுக்கோங்க."

வரிசை வாசல் வரை நின்றது. ஜேசுபாதம் அட்டையைத் தேடினான், ஒரு செல்லக்கண்ணு இருந்தது, எடுத்துச் சீட்டோடு உள்ளே கொடுத்தான். அக்கா இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஓடிப்போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, இதுக்கு முன்ன ஊசி போட்டு ஒடம்பு தடிச்சிச்சா, மூச்சு முட்டிச்சா என்று கேட்டாள். அந்தப் பெண் பயந்து போய் அவளைப் பார்த்தாள்.

"எல்லாம் கார்டுல இருக்குமே அக்கா" என்றாள்.